பையில் வந்த பாம்பு

நான் ஆஸ்பத்திரி வாட்டில் தாதியாக வேலைக்குச் சேர்ந்து ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை. எங்கள் தோட்டத்து யோகராஜ் அண்ணன் ஒரு செத்த பாம்பை ஷொப்பிங் பையில் போட்டு, பையின் வாயை முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து, நான் எழுதிக்கொண்டிருந்த மேசைமேல் வைத்தார்.

"தங்கச்சி, பாம்பு கொண்டாந்துட்டோம்," என்றார். சீர்த்தட்டு நீட்டுகிற மாமன்மார் முகத்தில்கூட அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

நான் கத்திவிட்டேன். பாம்புக்குப் பயந்து புது மிஸ் கத்துகிறாள் என்று வாட்டே சிரித்தது. பயமும்தான், ஒளிப்பானேன். ஆனால் நான் கத்தியது அவருக்குப் பின்னால் தள்ளுகட்டிலில் வந்த ஆளைப் பார்த்து. கோகிலாக்கா. இடது கணுக்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது.

கோகிலாக்கா யோகண்ணனின் மனைவி. எங்கள் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, அடுத்த லயம். இரண்டு பேரும் குருவிட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள். நான் தாதியர் கல்லூரிக்குப் போன அன்று என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை வந்தவர் அக்காதான். எங்கள் தோட்டத்திலிருந்து பதிவுபெற்ற தாதியாக வந்த முதல் ஆள் நான். அதற்காகக் கோவில் வாசலில் என் படம் போட்டு பெனர் கட்டினார்கள். படத்தில் மூக்கு பெரிதாக விழுந்திருக்கிறது என்று நான் சண்டை பிடித்தபோது, "மூக்கு பெரிசில்ல பாப்பா, அதுல ஏறி உக்காந்திருக்கிற கோவந்தான் பெரிசு," என்று சொன்னவரும் அக்காதான். அது உண்மைதான். எனக்குக் கோபம் கொஞ்சம் கூட.

பாம்பு கடித்து யார் வந்தாலும் ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி ஒன்றுதான். "சர்ப்பயா கோ?" பாம்பு எங்கே என்று சிங்களத்தில் கேட்பார்கள். வாசலில் நிற்கிற காவலாளி கேட்பார், தள்ளுகட்டில் தள்ளுகிறவர் கேட்பார், டொக்டர் கேட்பார். என்ன பாம்பு என்று தெரிந்தால்தானே வைத்தியம் செய்யலாம். தப்பில்லை. ஆனால் எங்கள் தோட்டத்தில் அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ஒரு சாவு இருந்தது. போன வருடம் மூக்கையா மாமாவைப் பாம்பு கடித்து, ஊர் வைத்தியரிடம் கட்டுப் போட்டு, அது சரிவராமல் தாமதமாகத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "சர்ப்பயா கோ? சர்ப்பயா கோ?" என்று ஆள் மாற்றி ஆள் கேட்டிருக்கிறார்கள். யாரிடமும் பாம்பு இல்லை. மாமா செத்துப்போனார். தாமதத்தால் செத்தார் என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். தோட்டம் கேட்கவில்லை. பாம்பு கொண்டுபோகாததால்தான் மாமாவுக்கு ஊசி போடவில்லை என்று முடிவு கட்டிவிட்டது.

ஆகவே இந்த முறை பாம்பு பையில் வந்திருந்தது. டொக்டர் இடுக்கியால் எடுத்துப் பழைய பத்திரிகை ஒன்றின்மேல் போட்டார். ஒரு சாண் அளவுதான். முக்கோணத் தலை, மேலே தூக்கிய மூக்கு. "குனகட்டுவா," என்றார் டொக்டர். "குனகட்டுவா," என்றார் கட்டில் தள்ளியவர். பக்கத்துக் கட்டிலில் சீனி வியாதியோடு கிடந்த சிங்களத்து அம்மாகூட எழுந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, "குனகட்டுவா தமய்," அதேதான் என்று தீர்ப்புச் சொன்னாள்.

இறப்பர் மலையில் சருகுக்குள் சுருண்டு கிடக்கிற சின்ன விரியன் அது. கடித்தால் கால் வீங்கும், வலி உயிர் போகும், சிலருக்குச் சிறுநீரகம் கெடும். ஆனால் அநேகம் பேர் பிழைத்துக்கொள்வார்கள். எங்களிடம் இருக்கிற விஷமுறிவு ஊசி அதற்கு வேலை செய்யாது. தேவையில்லாமல் போட்டால் அந்த ஊசியே ஆளைச் சாய்த்துவிடும். அதனால் ஊசி இல்லை. இரத்தம் எடுத்துப் பாருங்கள், சேலைன் போடுங்கள், சிறுநீர் எவ்வளவு போகிறது என்று கவனியுங்கள் என்று சொல்லிவிட்டு டொக்டர் அடுத்த வாட்டுக்குப் போனார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. யோகண்ணனிடம் ஓடினேன்.

"நல்ல காலம்ணே, குனகட்டுவா. ஊசி கீசி ஒன்னும் தேவையில்ல."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஊசி போட மாட்டாங்களா?"

"இதுக்கு ஊசியே இல்லண்ணே."

"பாம்பு கொண்டாந்துமா ஊசி இல்ல? எல்லாப் பாம்புக்கும் ஒரே ஊசிதான்னு சொன்னாங்களே தங்கச்சி."

"யாரு சொன்னா? லயத்து டொக்டருங்களா?" என் மூக்கில் அந்தக் கோபம் ஏறி உட்கார்ந்துவிட்டது. "நீங்க பால் வெட்டும்போது நான் வந்து இங்க வெட்டுங்க, அங்க வெட்டுங்கன்னு சொல்றேனா? சும்மா இருங்கண்ணே. எங்களுக்குத் தெரியும்."

எங்களுக்கு! வேலைக்குச் சேர்ந்து ஒரு கிழமை ஆகவில்லை, அதற்குள் "எங்களுக்கு". அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

நான் அக்காவிடம் போய், புதிதாக வரும் நோயாளியிடம் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டேன். காலையில் என்ன சாப்பிட்டார், முன்பு என்ன நோய், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசியாக மாதவிலக்காகித் தலைக்கு ஊற்றியது எப்போது. கல்லூரியில் சொல்லிக்கொடுத்த வரிசையில் ஒன்றுகூடத் தவறாமல் கேட்டேன். அக்காவும் பொறுமையாகப் பதில் சொன்னார். பிளேன் டீ மட்டும் குடித்தாராம். மலைக்குப் போய் மூன்றாவது மரத்தில் கத்தி வைப்பதற்குள் கடித்துவிட்டதாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன பாப்பா, ரெண்டு நிரோஷா தெரியுது. ஒன்னையே சமாளிக்க முடியல."

நானும் சிரித்தேன். ஐயோ, கடவுளே, நானும் சேர்ந்து சிரித்தேன்! "தலை சுத்துதா இருக்கும். கண்ண மூடிப் படுங்கக்கா," என்று சொல்லிவிட்டு மருந்து கொடுக்கப் போனேன்.

திரும்பிப் பார்த்தால் யோகண்ணன் அக்காவின் கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தார். "ஏய், முழிச்சிக்க. தூங்காத." பாம்பு கடித்தவர்களைத் தூங்க விட்டால் விஷம் தலைக்கு ஏறிவிடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. நான் போய் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"இது லயமில்ல, வாட்டு. விடிய முன்னாடி எழும்புன மனுசி, கொஞ்சம் தூங்கட்டுமே!"

அவர் கையைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார். அதற்குப் பிறகு அக்காவைத் தட்டவில்லை. என் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

வாட்டு முழுக்க மருந்து கொடுத்து முடித்து வந்தேன். அக்கா தலையைப் பின்னால் சாய்த்து, முகவாயைத் தூக்கி, மூக்கு வழியாகப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். இமை பாதி இறங்கியிருந்தது. தூக்கக் கலக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அக்கா, கண்ணத் தொறங்க."

நெற்றி சுருங்கியது. புருவம் மேலே ஏறியது. முழுப் பலத்தையும் கூட்டிக் கண்ணைத் திறக்கப் பார்க்கிறார் என்று தெரிந்தது. இமை அசையவில்லை.

"தொறந்துதான் இருக்கேன்," என்றார். சத்தம் மூக்கால் வந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது. "முழுங்க முடியல பாப்பா."

குனகட்டுவா கண்ணை மூடாது. கால் வீங்கலாம், இரத்தம் உறையாமல் போகலாம், ஆனால் இமை விழாது, விழுங்குவது நிற்காது. இமை விழுகிறது என்றால் அடுத்தது கழுத்து, அதற்கு அடுத்தது மூச்சு. பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி வாங்கினவள் நான். அந்தப் பதில் என் கண்முன்னே கட்டிலில் கிடந்தது, நான் அதைத் தூங்கச் சொல்லியிருந்தேன்.

உடனே டொக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. ஏன் என்றால், முந்தின நாள் ஒரு பாட்டிக்கு ஒட்சிசன் அளவு விழுந்துவிட்டது என்று நான் கூப்பாடு போட்டு, டொக்டர் படி ஏறி மூச்சிரைக்க ஓடிவந்து பார்த்தால், விரலில் மாட்டுகிற கிளிப் கழன்று போர்வைக்குள் கிடந்தது. "நங்கி, ஆளுக்கா, கிளிப்புக்கா வைத்தியம்?" என்று என்னைத் தங்கச்சி முறை சொல்லி வாட்டுப் பொறுப்புச் சிஸ்டர் கேட்டதில் வாட்டே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள் இருந்தது. இன்னொரு தரம் சிரிப்பார்களே என்று ஒரு கணம் நின்றேன். அடி மானங்கெட்டவளே என்று இப்போது என்னையே திட்டுகிறேன். அப்போது நின்றேன்.

பிறகு யோகண்ணனைப் பிடித்துச் சுவரோடு நிறுத்தினேன்.

"அண்ணே, இந்தப் பாம்புதானே கடிச்சுச்சு?"

அவர் தரையைப் பார்த்தார்.

"வாயத் தொறங்கண்ணே! அக்காவக் கடிச்சது பையில கெடந்த பாம்புதானே?"

"இல்ல தங்கச்சி."

"இல்லையா?"

"பாம்பு கேப்பாங்கன்னு இதக் கொண்டாந்தோம். கடிச்சது நாகம்மா. நல்ல பாம்பு. படம் எடுத்து இம்மாம் ஒசரம் நின்னுச்சு. அத எப்புடி அடிக்கிறது? கும்பிட்டுப் போக விட்டுட்டோம். வெறுங்கையோட வந்தா மூக்கையா மாமாவப் போட்ட மாதிரி போட்ருவாங்களே. அதான் சருகக் கிண்டி இது ஒன்னத் தேடி அடிச்சோம். உடனே கெடைக்கல. அதுவரைக்கும் கோகிலா திரீவீல்ல உக்காந்திருந்துச்சு."

பெண்டாட்டியை நல்ல பாம்பு கடித்திருக்கிறது. அவளைத் திரீவீல் வண்டியில் உட்கார வைத்துவிட்டு இந்த மனுஷன் மலை மலையாகச் சருகைக் கிண்டி ஆஸ்பத்திரிக்குக் காட்ட வேறொரு பாம்பைத் தேடியிருக்கிறான். அதிலும் பார், அந்த மலையில் எத்தனையோ பாம்பு இருக்க, ஊசியே இல்லாத பாம்பாகப் பார்த்து அடித்துக்கொண்டு வந்திருக்கிறான்! நல்ல பாம்பு என்றால் ஊசி இருக்கிறது. கீழே மருந்தறைக் குளிர்ப்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறது.

அதற்குப் பிறகு நான் போட்ட சத்தம் மூன்று பாஷையில் இருந்ததாகச் சொல்கிறார்கள். டொக்டர் கையில் பாதி கடித்த பணிஸோடு ஓடிவந்தார். நான் சொன்னதைக் கேட்டார், அக்காவின் இமையைப் பார்த்தார், பணிஸை எங்கே எறிந்தார் என்று தெரியாது. அவர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. சிஸ்டரும் சிரிக்கவில்லை. "நங்கி, ஊசி கரை," என்று மட்டும் சொன்னார். ஒவ்வொரு குப்பியாகக் கரைத்தேன். விஷமுறிவு ஏறத் தொடங்கியபோது அக்காவின் கழுத்து தலையணையில் துணி மாதிரி சரிந்தது. நெஞ்சு மேலும் கீழும் போவது குறைந்துகொண்டே வந்தது. பிறகு நின்றது.

டொக்டர் குழாய் போட்டார். குழாயில் காற்றுப் பையை மாட்டி என் கையில் கொடுத்தார். "அமுக்கிக்கொண்டே இரு. நிறுத்தாதே." நான் அமுக்கினேன். நான் அமுக்கினால் அக்காவின் நெஞ்சு எழும்பும், விட்டால் விழும். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த மனுஷியின் மூச்சு என் இரண்டு உள்ளங்கைக்குள் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் தயாராகும்வரை நான் பையை விடவில்லை. அழுதேன். அழுகை போதவில்லை என்று திட்டினேன். திரைக்கு அந்தப்பக்கம் யோகண்ணன் நிற்பது தெரியும்.

"பாம்பு தேடினீங்களாம் பாம்பு! அறிவு கெட்ட மனுசன்! அந்த நேரத்துல நேரா வந்திருந்தா இந்நேரம் எழும்பி உக்காந்திருப்பாங்க. அக்காவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பாம்பு கொன்னுச்சுன்னு சொல்ல மாட்டேன். பொண்டாட்டியக் கொன்னவன் நீங்கதான்னு தோட்டம் முழுக்கச் சொல்லுவேன். அந்தப் பச்சப் புள்ள கேக்குமே, என்ன சொல்லுவீங்க?"

அவர்களுக்கு நாலு வயதில் ஒரு மகள், நாகதர்ஷினி. கலியாணம் முடித்து வெகுநாள் பிள்ளையில்லாமல் இருந்து, புற்றுக்கு விளக்கு வைத்துப் பெற்ற பிள்ளை. அதை இழுத்து அந்த மனுஷன்மேல் எறிந்தேன். திரைக்கு அந்தப்பக்கமிருந்து, "சரிங்க மிஸ்," என்று கேட்டது.

மிஸ். அன்றுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

அக்கா இயந்திரத்தில் கிடந்த நாட்களில் நான் சோறு தின்னவில்லை என்று சொன்னால் பொய். தின்றேன், ஆனால் என்ன தின்றேன் என்று தெரியாது. வேலை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத்தான் விடுதிக்குப் போவேன். யோகண்ணன் வெளியே கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பார். நான் அவரைப் பார்க்க மாட்டேன். அவர் எழுந்து நின்று, "இன்னைக்கு எப்புடிங்க மிஸ்?" என்று கேட்பார். "இருக்காங்க," என்று சொல்லிவிட்டு நடப்பேன். கோபம் தீரவில்லை. அக்கா பிழைத்தாலும் இந்த ஆளோடு இனிப் பேச்சில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அக்கா பிழைத்தார். முதலில் விரல் அசைந்தது, பிறகு இமை. குழாயை எடுத்த மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போத்தலில் கஞ்சி ஊற்றிக்கொண்டு ஓடினேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் முழுசாகத் திறந்திருந்தது. எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, எப்புடி இருக்கு?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். தொண்டை கட்டிய குரலில் கேட்டார்.

"எம் புருசன ஏன் அப்புடித் திட்டுன?"

"என்னக்கா?"

"பொண்டாட்டியக் கொன்னவன்னு சொன்னியே."

"உங்களுக்கு... கேட்டுச்சா?"

"எல்லாந்தான் கேட்டுச்சு. கண்ணு தொறக்கல, கை வரல, மூச்சு வரல. காது தொறந்துதான் கெடந்துச்சு. நீ அழுதது கேட்டுச்சு. டொக்டர் ஐயா உசுரு போயிருமோன்னு சொன்னது கேட்டுச்சு. அந்தளவு சிங்களம் எனக்கு வெளங்காதா? அந்தாளு வெளிய நின்னு மூக்கச் சிந்துனதுகூடக் கேட்டுச்சு. இருக்கேன், நான் இருக்கேன்னு உள்ளுக்குள்ள கத்துறேன், ஒருத்தருக்கும் கேக்கல."

அந்த விஷம் தசையைத்தான் கட்டும், நினைவைக் கட்டாது. அதையும் படித்திருக்கிறேன். படித்துவிட்டு, உயிரோடு கேட்டுக்கொண்டு கிடந்தவர் தலைமாட்டில் நின்று, செத்தால் என்ன சொல்வேன் என்று கத்தியிருக்கிறேன்.

"அக்கா, கோவத்துல பேசிட்டேன். அவரு செஞ்ச வேலை அப்புடி. நாகம்மான்னு விட்டாரு, சரி. வேற பாம்பத் தேடி நேரத்தக் கடத்தினாரே..."

"அவரு தேடல. நான் தேடச் சொன்னேன்."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"அவரு கத்தியத் தூக்கிட்டாரு. ஒரே வெட்டுல முடிச்சிருப்பாரு. நான்தான் கையப் புடிச்சேன். புள்ள குடுத்த தெய்வம் பாப்பா, அத வெட்டுனா எம்புள்ளைக்கு ஆகுமா? நான் போனாலும் பரவால்ல, அடிக்காதீங்கன்னு காலப் புடிச்சேன். பாம்பு இல்லாம ஆஸ்பத்திரியில பாக்க மாட்டாங்கன்னு அவரு அழுதாரு. அப்ப வேற ஒன்னத் தேடுங்கன்னு சொன்னது இந்த வாய்தான்."

திரைக்கு அந்தப்பக்கம் நின்ற அந்த மனுஷன் "இவள்தான் சொன்னாள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு "சரிங்க மிஸ்" என்று நின்றிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்படுகிற நேரத்திலும் இந்தப் பாழாய்ப்போன மூக்கு சும்மா இருக்குமா?

"அப்ப நீங்க ஏன்க்கா என்கிட்ட சொல்லல? வந்தப்போ நல்லாத்தானே பேசுனீங்க! நான் பக்கத்துலயே உக்காந்து எல்லாம் கேட்டேனே! நம்ம பாஷையில, நம்ம ஆளு கேட்டேனே! ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"நீ கேட்டியா?"

"என்னக்கா?"

"என்ன தின்னேன்னு கேட்ட. தலைக்கு ஊத்துனது எப்பன்னு கேட்ட. எந்த மருந்து ஒத்துக்காதுன்னு கேட்ட." அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமாகச் சொல்லவில்லை. "எது கடிச்சுச்சுன்னு நீ கேக்கலையே பாப்பா. யாருமே கேக்கல. பாம்பு எங்க, பாம்பு எங்கன்னுதான் கேட்டாங்க. கேட்டதக் குடுத்துட்டோம்னு நெனச்சோம்."

பாம்பு மேசைமேல் கிடந்தது, அதனால் கேட்கவில்லை. டொக்டருக்குத் தமிழ் வராது, அவர் பாம்பைத்தான் கேட்க முடியும். எனக்குத் தமிழ் வரும். அந்த வாட்டில் கோகிலாக்காவோடு ஒரு பாஷை பேசுகிற ஒரே ஆள் நான். யோகண்ணன் சொல்ல வந்தபோது அவர் வாயை அடைத்ததும் நான்.

வெளியே வாங்கில் யோகண்ணன் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நான் நர்ஸ் சீருடையோடு அவர் காலடியில் குந்திவிட்டேன்.

"யோகண்ணே, அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க. என்னய மன்னிச்சிருங்க."

"ஐயோ, எழும்பு தங்கச்சி, ஆளுங்க பாக்குறாங்க," என்று பதறினார். "நீ கத்துனதாலதானே டொக்டர் ஓடியாந்தாரு. அது கெடக்கு. கஞ்சி குடிச்சிச்சா அது?"

குடித்தார் என்று தலையை ஆட்டினேன். அப்போதுதான் கஞ்சிப் போத்தல் இன்னும் என் கையிலேயே இருப்பதைப் பார்த்தோம்.

அன்று பின்னேரமே வாட்டு வாசலில் மறுபடி தள்ளுகட்டில் சத்தம் கேட்டது. பெல்மதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். கட்டிலில் வெள்ளையம்மா என்று ஒரு அம்மா புறங்கையைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். கூட அவர் புருஷன் கன்னையா. "சர்ப்பயா கோ?" என்று கட்டில் தள்ளியவர் கேட்டு வாய் மூடவில்லை, கன்னையா முடிச்சுப் போட்ட ஷொப்பிங் பையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அவர் முகத்திலும் அதே நிம்மதி.

நான் பையை வாங்கினேன். பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெள்ளையம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"அம்மா, உங்களக் கடிச்சது எது? நீங்க பாத்தீங்களா? எப்புடி இருந்துச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க."

அந்த அம்மா திரும்பிப் புருஷனைப் பார்த்தார். கன்னையா என்னைப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் கிடந்த பையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"பையில இருக்கது இல்லீங்க மிஸ்," என்றார்.

நான் டொக்டரைக் கூப்பிட ஓடினேன்.